அமிலத்திற்கு அளவுகோல் தந்தவர்

டென்மார்க்கு நாட்டில் 1868ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 9ஆம் நாள், உழவர் குடியொன்றில் சோரன்சென் பிறந்தார். 18ஆம் வயதில் மருத்துவம் பயிலக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் புகுந்த அவர், யோர்கென்சென் என்னும் பேராசிரியரிடம் வேதியியல் கேட்டு அதிலேயே உள்ளம் பறிகொடுத்தார், மருத்துவத்தைக் கைவிட்டார்.

அந்நகரில் கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் வடிப்பாலையின் உரிமையாளர் யாக்கோப்சென், 1875இல் ஓர் ஆராய்ச்சிச்சாலையை நிறுவியிருந்தார். அங்கே கண்டறியும் உண்மை எதனையும் மறைத்து வைத்தல் ஆகாது என்பது அவர் வகுத்த விதி. தொழில் நடத்தும் ஒருவர் தமக்குத்தாமே இவ்வாறு விதித்துக்கொண்டது வியப்பிற்குரியதே. 1901இல் சோரன்சென் அச்சாலையின் வேதியியற் பிரிவிற்குத் தலைவரானார்.

உயிர்களின் உடலில் நிகழும் மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள். அமிலம் சிறிது கூடினும் குறையினும் அவற்றின் வேலை மாறும். அதனை ஆராய்ந்தவர்கள், கரைசலில் எத்துணை அமிலம் ஊற்றினோம் என்றே கணக்கிட்டு வந்தனர். முடிவுகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஊற்றிய அமிலத்தில் ஒரு பகுதியைப் புரதங்களே பற்றிக்கொள்கின்றன. கட்டுறாது எஞ்சும் ஹைட்ரஜன் அயனிகளே நொதியின் செயலை ஆளுகின்றன. ஆதலின் அளக்க வேண்டியது ஊற்றியதை அன்று, எஞ்சியதையே எனச் சோரன்சென் தெளிந்தார்.

ஆனால் அந்த அளவு மிகச் சிறியது. ஒரு லிட்டர் தூய நீரில் ஹைட்ரஜன் அயனி ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கே உண்டு. கோடி என்னும் எண்ணில் 7 சுழிகள் உள்ளன; அந்த 7ஐ மட்டும் குறித்தாற் போதுமே என்று அவர் எண்ணினார். 1909இல் வெளியிட்ட இவ்வளவே இன்று பி.எச். எனப்படுகிறது. இதில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு மிகும். முதலெழுத்தாகிய 'பி' எச்சொல்லைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகின்றனர்! அமிலநிலை எளிதில் மாறாதிருக்கும் தாங்கல் கரைசல்களைச் செய்யும் முறையையும் அவர் அக்கட்டுரையிலேயே விளக்கினார்.

புரதம் அமிலத்திற்கு ஏன் இத்துணை அஞ்சுகிறது? அது மடிந்து சுருண்ட நெடுஞ்சங்கிலி. அதன் உறுப்புகளிலுள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்த்தும் விலக்கியும் அதன் வடிவைக் காக்கின்றன. ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டினால் மின்னூட்டம் மாறும், வடிவம் நெகிழும், பிற பொருளைப் பற்றும் இடமும் திரியும். பாக்டீரியங்கள் தோற்றுவிக்கும் அமிலத்தால் பாலின் புரதம் திரண்டு தயிராவது இவ்வாறே. தொண்டை அடைப்பான் நோயைத் தரும் பாக்டீரியத்தின் நச்சுப் புரதமோ இம்மாற்றத்தையே கருவியாகக் கொள்கிறது. நம் உயிரணு அதனை ஒரு நுண்பையுள் விழுங்குகிறது. பையினுள் அமிலம் மிகுந்ததும் நச்சு தன் வடிவை மாற்றிச் சவ்வைத் துளைத்து உட்புகுகிறது. இந்நுட்பம் சோரன்சென் காலத்திற்குப் பின்னரே தெரிய வந்தது. எனினும் அதனை அறியப் பயன்பட்ட அளவுகோல் அவருடையதே.

பின்னாளில் அவர் தம் மனைவி மார்கரேத்தின் துணையுடன் முட்டை வெண்கருவின் புரதம் முதலியவற்றை ஆராய்ந்தார். 1938 வரை அச்சாலையிலேயே பணிபுரிந்து, 1939ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார்.