முத்தைத் தரம் பிரிப்பதுபோல் திராட்சையைத் தேர்ந்த துறவி

முத்துக் குளிப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம் கடற்கரையில் இருக்க முடியாது. 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன அத்தொழிலில், சிப்பியைக் கரை சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை. கிடைத்த முத்துக்களைத் துளையிட்ட பத்துப் பித்தளைத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்தார்கள். முதல் தட்டில் 20 துளைகள். கடைசித் தட்டில் 1000 துளைகள். அளவு பிரிந்தபின் உருண்டையையும் நிறத்தையும் ஒளியையும் பார்த்து, ஆணிமுத்து எது, மட்டமானது எது எனத் தரம் பிரித்தார்கள். எந்தப் பாரில் எடுத்தது, யார் மூழ்கி எடுத்தது என்பது அந்தத் தட்டுக்குத் தெரியாது. முத்து முத்தாக இருந்தால் போதும்.

இதே முறையைத் திராட்சையில் கையாண்ட ஒரு துறவி பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் டோம் பியேர் பெரிஞ்ஞோன். டோம் என்பது துறவிகளுக்குரிய மரியாதைச் சொல். பியேர் என்றால் நம் இராயப்பர். கப்பலைக் கடலில் இறக்கும்போது உடைப்பார்களே, ஷாம்பெயின் என்ற நுரைக்கும் திராட்சை இரசம், அதனோடு உலகமெங்கும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது.

மதுவைப் பற்றிப் பங்கு மலரில் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். குடியினால் கண்ணீர் வடிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு; அதை மறந்து இதை எழுதவில்லை. இவருடைய வரலாறு குடித்தவரின் வரலாறு அல்ல. தம்மிடம் ஒப்படைத்த பொறுப்பை 47 ஆண்டுகள் பிசகாமல் செய்த ஒருவரின் வரலாறு. அதனாலேயே ஜூபிலி கொண்டாடும் ஒரு பங்கு அவரை நினைத்துப் பார்ப்பது தகும்.

பெரிஞ்ஞோன் பிரான்சின் ஷாம்பெயின் மாநிலத்தில் சேந்த் மெனு என்னும் சிற்றூரில் பிறந்தார். 1639-ஆம் ஆண்டு சனவரி மாதத் தொடக்கத்தில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தை நீதிமன்ற எழுத்தர். சேசு சபைக் குருக்களின் கல்லூரியில் படித்த பெரிஞ்ஞோன், இளமையிலேயே உலக வாழ்வைத் துறந்து, வெர்டன் நகரில் புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்தார். 1668-இல் ஓவில்லேர் என்ற ஊரின் மடத்துக்கு அனுப்பப்பட்டார். திருச்சிலுவையைக் கண்டெடுத்த புனித எலேனம்மாளின் அருளிக்கம் பேணப்பட்ட பழம்பெரும் மடம் அது. ஆனால் போர்களினாலும் கலகங்களினாலும் நொடித்துப்போயிருந்தது. முப்பது வயதையொட்டிய அந்தத் துறவியின் கையில் மடத்தின் கணக்கும் பண்டசாலையும் தோட்டமும் ஒப்படைக்கப்பட்டன.

மடங்களுக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு புதிதன்று. திருப்பலிக்கு உரிய இரசம் திராட்சைப் பழத்திலிருந்து வந்ததாகவும் கெடாததாகவும் இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். எனவே துறவிகள் போன இடமெல்லாம் திராட்சைக் கொடியும் போயிற்று. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைகூட, 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குரு தமிழகத்துக்குக் கொண்டுவந்த வகை என்றே சொல்லப்படுகிறது.

ஓவில்லேர் மடத்துக்குச் சொந்தத் தோட்டம் உண்டு. அத்துடன் சுற்றுக் கிராமத்தார் தசமபாகமாகத் திராட்சையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடலில் கிடைத்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்த வழக்கம் நம் ஊர்களிலும் இருந்ததல்லவா, அதுபோல. வந்த பழங்களோ ஒரே தரமல்ல. மேட்டு நிலத்துப் பழம் ஒரு சுவை, பள்ளத்துப் பழம் ஒரு சுவை. ஒன்றில் இனிப்பு மிகுதி, ஒன்றில் புளிப்பு மிகுதி. இவற்றைக் கொண்டு நல்ல இரசம் செய்வது எப்படி?

இங்கேதான் பெரிஞ்ஞோனின் திறமை வெளிப்பட்டது. அவருக்குப் பின் வந்த பியேர் என்ற சகோதரர் இதை எழுதிவைத்திருக்கிறார். பழம் முதிரும் நாட்களில் பல தோட்டங்களிலிருந்தும் பழங்களைத் தம்மிடம் கொண்டுவரச் செய்வாராம். உடனே வாயில் போடமாட்டார். இரவு முழுவதும் சன்னலோரத்தில் குளிர்ந்த காற்றில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்ப்பார். அந்த ஆண்டின் மழையையும் வெயிலையும் மனத்தில் கொண்டு, எந்தத் தோட்டத்துப் பழத்தோடு எதை, எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்வார். சுவைத்த மாத்திரத்தில் இது இன்ன தோட்டத்துப் பழம் என்று சொல்லிவிடுவார் எனவும் பேசப்பட்டது. ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை ஈடு செய்தது. தனித்தனியே சிறப்பில்லாத பழங்கள் ஒன்றுசேர்ந்து சிறப்படைந்தன.

மற்ற வேலைகளிலும் இதே கவனம்தான். கொடிகளை ஒட்ட வெட்டி, விளைச்சல் குறைந்தாலும் பழம் நன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வெயில் ஏறுமுன் பறித்தார்கள். நசுங்கிய பழத்தை ஒதுக்கினார்கள். கருந்திராட்சையைத் தோலின் சாயம் இறங்குமுன் விரைந்து பிழிந்து, தெளிந்த வெள்ளை இரசம் எடுத்தார்கள். நொடித்த மடம் நிமிர்ந்தது; தோட்டத்தின் பரப்பு இரண்டு மடங்காயிற்று.

இனி அவரைப் பற்றிய கதைகளைப் பார்ப்போம். நுரைக்கும் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்பார்கள். அது உண்மையல்ல. குளிர்காலத்தில் பாதியில் நின்ற நொதிப்பு, இளவேனிலில் மீண்டும் தொடங்கும். மூடிய புட்டிக்குள் வாயு அடைபட்டு நுரை எழும். இது இயற்கையாக நேர்வது. இன்றைய ஷாம்பெயின் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரின் அழுத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அக்காலத்து மெல்லிய புட்டிகள் இதைத் தாங்காமல் வெடித்தன. ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் வெடித்தன. பெரிஞ்ஞோனுக்கு அந்த நுரை ஒரு குற்றமாகவே பட்டது; அதைத் தவிர்க்கவே அவர் பாடுபட்டார். சர்க்கரை சேர்த்து இரசத்தை நுரைக்கச் செய்யும் முறையை ஆங்கிலேயரான கிறிஸ்டோபர் மெரெட் 1662-லேயே இலண்டனில் எடுத்துரைத்திருந்தார். அப்போது பெரிஞ்ஞோன் ஓவில்லேருக்கு வந்து சேரவே இல்லை.

பிரெஞ்சுப் புரட்சியில் மடம் மூடப்பட்டது. அதன் கடைசிப் பொருளாளராய் இருந்த டோம் குரோசார், 1821-இல் எழுதிய கடிதமொன்றில் பெரிஞ்ஞோனின் புகழைப் பெருக்கிச் சொன்னார். அழிந்த மடத்தின்மேல் அவருக்கிருந்த பாசம் அப்படி. விண்மீன்களைப் பருகுவதாகப் பெரிஞ்ஞோன் வியந்ததாகச் சொல்லும் கதை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளம்பரக்காரர்கள் கட்டியது. அவர் பார்வையற்றவர் என்ற கதையும் அவ்வாறே. தோட்டத்தின் பெயரைக் கேளாமல் சுவைத்தவரைக் கண் தெரியாதவர் என்று பின்வந்தோர் எண்ணிவிட்டனர் போலும். பின்னர் மொயே ஷாந்தோன் நிறுவனம் 1921-ஆம் ஆண்டு இரசத்தை 1936-இல் அவர் பெயரில் விற்கத் தொடங்கியது. எளிமை வார்த்தைப்பாடு கொடுத்த துறவியின் பெயர் இன்று விலையுயர்ந்த புட்டிகளில் இருக்கிறது!

சுவைஞர்கள் ஒன்றுகூடிப் பல புட்டிகளை ஒப்பிடும்போது, புட்டிகளைத் துணியால் சுற்றிப் பெயரை மறைத்துவிடும் வழக்கமும் உண்டு. பெயரைப் பார்த்தால் நாக்கு ஏமாந்துவிடும் என்பது அவர்கள் அனுபவம். கானாவூர்க் கலியாணத்தைச் சற்று நினையுங்கள். பந்தி மேற்பார்வையாளர் தண்ணீராயிருந்த இரசத்தைச் சுவைத்தபோது அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவர் தந்த சான்று உண்மைச் சான்றாயிற்று. தண்ணீர் மொண்டுவந்த பணியாளருக்கோ தெரிந்திருந்தது.

பெரிஞ்ஞோன் 1715 செப்டம்பரில் இறந்தார். அதே மாதத்தில்தான் பிரான்சின் பேரரசன் பதினான்காம் லூயியும் இறந்தான். அவர் மடத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த 1693-இல் புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். அவருடைய முதுமையில், 1713-இல், தூத்துக்குடியில் நம் பனிமய அன்னையின் ஆலயம் எழுந்தது. மடாதிபதிகளுக்குரிய இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் கல்லறைக் கல்லை ஓவில்லேர் கோயிலில் இன்றும் காணலாம்.

செய்யாத ஒன்றுக்காக உலகம் அவரைப் புகழ்கிறது. செய்த வேலையோ அதனினும் பெரிது. ஏழை கொண்டுவந்த கூடையையும் செல்வன் கொண்டுவந்த கூடையையும் ஒரே சன்னலில் வைத்தார். யாருடையது என்று கேளாமல் சுவைத்தார். எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக்கினார். ஒரு பங்கும் அப்படித்தான் உருவாகிறது. விசைப்படகு வைத்திருப்பவர் கொடுத்ததும், கட்டுமரத்தில் போய்வந்தவர் கொடுத்ததும், மீன் விற்ற தாய் முந்தானையில் முடிந்துவைத்துக் கொடுத்ததும் சேர்ந்தே நம் கோயில் நிற்கிறது. கல்வெட்டில் சில பெயர்களுக்குத்தான் இடமுண்டு. ஜூபிலி நன்றித் திருப்பலியில் இரசக் கிண்ணம் உயர்த்தப்படும்போது, பெயர் எழுதப்படாத அத்தனை பேரையும் நினைத்து மன்றாடுவோமாக.