இராபர்ட் மெக்காரிசன்

குர்லாவின் லோகமான்ய திலகர் முனையத்தில் கோயம்புத்தூர் வண்டியில் ஏறிச் சென்று, மேட்டுப்பாளையத்தில் மலை இரயிலுக்கு மாறினால் குன்னூரை அடையலாம். நீலகிரி மலையிலுள்ள அவ்வூரில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் வெள்ளெலிகளை வளர்த்து, மனிதர் உண்ணும் உணவை ஆராய்ந்தார். அவரே இராபர்ட் மெக்காரிசன்.

இவர் 1878ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்தியாவுக்கு வந்தார். வடக்கே கில்கிட் மலைநாட்டில் பணியாற்றியபோது, அங்குப் பலருக்குக் கழுத்துக்கழலை நோய் இருப்பதைக் கண்டார். நோய்க்குக் காரணமெனக் கருதப்பட்ட நீரின் வண்டலைத் தாமே உட்கொண்டு சோதித்தார். பிறர் நோயைத் தீர்க்கத் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிய துணிவு அவருடையது.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் உணவுக்குறை நோய்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். 1923இல் அரசின் செலவுக் குறைப்பால் ஆய்வு நின்றது. மெக்காரிசன் தளரவில்லை; 1925இல் அதனை மீண்டும் தொடங்கினார்.

இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே அளித்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் 140 நாள்களில் சராசரியாக 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலைச் சிறிதளவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை 155 கிராமே இருந்தன. சத்துக் குறைந்த உணவுகளை உண்ட எலிகள் பலவற்றின் நுரையீரல்களில் நிமோனியா போன்ற நோய்களும் காணப்பட்டன. நல்லுணவு உண்ட எலிகளோ இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நோயின்றி வாழ்ந்தன. இரு சாராரும் வாழ்ந்த இடத்தின் தூய்மையில் வேறுபாடு இல்லை. உணவில் மட்டுமே வேறுபாடு இருந்தது.

உணவுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு? நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தை ஈரமான மெல்லிய படலம் மூடியுள்ளது. அதிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமிகளையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுகின்றன. வைட்டமின் ஏ குறைந்தால் அம்மயிரிழைகள் மறைந்து, அவ்விடத்தில் தோல் போன்ற வறண்ட, தடித்த படலம் உருவாகிறது. அமெரிக்க அறிஞர்கள் வோல்பாக், ஹவ் ஆகியோர் 1925இல் எலிகளிடம் இம்மாற்றத்தை விளக்கிக் காட்டினர். காவலர் இல்லாத கோட்டைக்குள் பகைவர் நுழைவதுபோல, கிருமிகள் நுரையீரலுக்குள் எளிதில் புகுகின்றன.

மெக்காரிசன் 1933இல் 'சர்' பட்டம் பெற்றார். 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற அவர், 1960இல் மறைந்தார். அவர் குன்னூரில் வளர்த்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1970 முதல் நம் நாட்டில் சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து வழங்கப்பட்டு வருகிறது.

ஊர் மாறினாலும் உணவின் அறிவியல் மாறுவதில்லை. குர்லாச் சந்தையில் வாங்கும் முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, முட்டை ஆகியவை மூச்சுக்குழாயின் காவலரைப் பேணும் உணவுகளாகும். கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால், அதன் சத்தை உடல் நன்கு ஏற்கும்.

சொற்பொருள்
வண்டல் – நீரின் அடியில் படியும் பொருள்
தளர்தல் – சோர்தல்
பேணுதல் – காத்தல்

வினாக்கள்
1. மெக்காரிசன் கில்கிட்டில் செய்த சோதனை யாது?
2. இருவகை எலிகளின் உடல்நலம் வேறுபட்டதற்குக் காரணம் என்ன?
3. உங்கள் வீட்டில் நேற்று உண்ட உணவுகளை எழுதி, அவற்றுள் வைட்டமின் ஏ உள்ளவற்றைக் கோடிட்டுக் காட்டுக.