லூயி பிரெயில் காட்டிய வழி

எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பயிலும் காலத்தில் விசேஷப் பாடசாலைகள் எதற்கு என வினவும் அன்பர்கள் லூயி பிரெயிலின் சரித்திரத்தைக் கவனிப்பார்களாக.

பிரான்ஸ் தேசத்துக் கூப்வ்ரே கிராமத்தில், குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாக 1809-இல் அவர் பிறந்தார். மூன்றாம் பிராயத்தில் தகப்பனாரின் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. நாளடைவில் இரு கண்களும் ஒளியிழந்தன. கிராமப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடமர்ந்து, கேள்வியாலேயே சிறந்த மாணவரானார். ஆயினும் புஸ்தகம் அவருக்கு மூடியே கிடந்தது.

1819-இல் பாரிஸ் நகரத்து அந்தகர் பாடசாலையில் சேர்ந்தார். ராணுவத்தைச் சேர்ந்த பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி எழுத்து 1821-இல் அங்கே வந்தது. விரல் நுனியில் அடங்காத அதனை, 15-ஆம் பிராயத்தில் பிரெயில் ஆறு புள்ளியாக்கினார். 1829-இல் அம்முறை அச்சேறியது. அங்கேயே உபாத்தியாயராயிருந்து 1852-இல் காலமானார். 1854-இலேதான் அப்பாடசாலை அம்முறையை அங்கீகரித்தது.

ஊர்ப்பள்ளி தோழமை தந்தது. விசேஷப் பாடசாலை எழுத்தைத் தந்தது. நம் பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் அந்தகர் பாடசாலை கண்டதும் இத்தேவை பற்றியே. 2016-ஆம் வருஷத்துச் சட்டமும், தான் வரையறுத்த அளவு ஊனமுள்ள 6 முதல் 18 பிராயத்துப் பிள்ளைகள் அண்டைப் பள்ளியையோ விசேஷப் பள்ளியையோ விரும்பியவாறு தெரிந்துகொண்டு இலவசமாய்ப் பயிலும் உரிமையை அளித்திருக்கிறது. ஒன்றை மூடினால் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.

திரேஸ்புரத்துச் சங்கு குளிப்பவர் வீட்டில் பார்வையற்ற குழந்தையிருப்பின், அது பாளையங்கோட்டையில் விரலால் வாசிக்கக் கற்று, தன் ஊர்ப்பள்ளிக்கே திரும்பட்டும். அங்கே அதன் விரலுக்கேற்ற புஸ்தகமும், அவ்வெழுத்தறிந்த உபாத்தியாயரும் காத்திருக்க வேண்டும். அதுவே நாம் கோர வேண்டிய நியாயம்.