புடவை மூட்டையுடன் தோட்டத்துக்குள் நுழைந்தவர்

தேசபக்தன் கோ. நடேசய்யர் (1887 – 1947)

மேற்கு ஆபிரிக்காவிலே, செனகல் நாட்டின் கரைக்கு எதிரே, கோரே என்றொரு சிறு தீவு உண்டு. அங்குள்ள பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் இருண்ட அறைகள் இருக்கின்றன. அவற்றின் முடிவில் கடலைப் பார்த்துத் திறக்கும் ஒரு வாசல். ஆபிரிக்க மக்களை விலங்கிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய கொடுமையின் நினைவாக அந்த வீடு காக்கப்பட்டு வருகிறது. கானா நாட்டின் கேப் கோஸ்ட் கோட்டையில், அடிமைகளை அடைத்து வைத்த நிலவறைக்கு மேலேயே ஆராதனைக் கோவில் இருந்தது. பெனின் நாட்டின் உய்தா நகரிலிருந்து கடற்கரை வரை, அடிமைகள் நடத்திச் செல்லப்பட்ட ஏறக்குறைய 4 கிலோமீற்றர் பாதை இன்றும் உண்டு. வழிகாட்டிகள் வருவோரைக் கால்நடையாகவே அழைத்துச் சென்று, இடத்துக்கு இடம் நிறுத்தி, நடந்ததைச் சொல்கிறார்கள். 1992ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கோரே தீவுக்குச் சென்று, அந்தப் பாவத்தில் கிறிஸ்தவர்களுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்பு வேண்டினார்.

ஆபிரிக்கக் கடற்கரைக்கும் பசறைக்கும் மடுல்சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். நமது பூட்டன்மாரும் ஒரு பாதையில் நடந்து வந்தவர்களே. இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியேறி, தலைமன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அங்கிருந்து கண்டி வந்து, ஊவாவுக்கு உரியவர்கள் மேலும் மலையேறி நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்கள் பல்லாயிரம். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரேடும் இல்லை.

கூலி வேறு, அடிமை வேறு என்பது உண்மைதான். நம்மவரை யாரும் சந்தையில் ஏலம் போடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியர் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை உட்படுத்தவில்லை. இங்கே அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1844இல்தான். அதே காலத்தில்தான் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. ஆள்கட்டும் கங்காணிமார் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். விலங்கின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. வந்த செலவு, அரிசிச் செலவு, கம்பளிச் செலவு எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறின. அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குத் “துண்டு” என்று பெயர். துண்டில் உள்ள தொகையை எந்தத் தோட்டம் கட்டுகிறதோ அந்தத் தோட்டத்துக்கு ஆட்கள் போக வேண்டும். மனிதன் கைமாறவில்லை, கடன்தான் கைமாறியது என்பது துரைமாரின் நியாயம். கடனோடு மனிதனும் போனான் என்பதே லயத்திலிருந்தவன் கண்ட உண்மை.

இந்த உண்மையை வெளியுலகுக்குச் சொன்னவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர்.

தஞ்சைத் தரணியில் 1887ஆம் ஆண்டு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். படித்தார், அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞரானார். அந்த நாளில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மாதம் பிறந்தால் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். ஆனால் அவர் உள்ளம் பேனாவிலும் பொதுக் காரியங்களிலும் சென்றது. உத்தியோகத்தை விட்டார். வர்த்தகருக்காக “வர்த்தகமித்திரன்” என்ற பத்திரிகையை நடத்தினார். அந்த வர்த்தகத் தொடர்புதான் 1915ஆம் ஆண்டளவில் அவரை முதன்முதலாக இலங்கைக்கு அழைத்து வந்தது.

கொழும்பில் அவர் கண்டது செட்டிமாரின் கடைகளையும் கணக்குப் புத்தகங்களையும். காதில் விழுந்ததோ மலைநாட்டில் வாழும் தமிழரின் துன்பக் கதை. நேரில் பார்க்க விரும்பினார். அது அவ்வளவு எளிதன்று. தோட்டம் என்பது துரையின் தனி இராச்சியம். அவருடைய உத்தரவின்றி அந்நியர் உள்ளே கால் வைத்தால் அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்காக நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான். உறவினரைப் பார்க்க வந்தவரையும் கேள்வி கேட்கும் காலம் அது.

ஆனால் ஓர் ஆளுக்கு மட்டும் அந்த வாசல் திறந்தது. அவன்தான் புடவை வியாபாரி. சம்பள நாளை அண்டி மூட்டையுடன் வருவான், லயத்து வாசலில் கடைவிரிப்பான், கடனும் கொடுப்பான். நடேசய்யர் பூணூலையும் படிப்பையும் மறைத்து, புடவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். பத்தடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழுவதைக் கண்டார். விடியுமுன் தப்புச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓடும் தாய்மாரைக் கண்டார். பரம்பரையாகத் தீராத கடனையும், கங்காணியின் பிரம்பையும் கண்டார். கண்டதை எழுதினார். வியாபாரக் காரியமாக வந்தவருக்கு வாழ்நாள் காரியம் கிடைத்துவிட்டது.

1920ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். கொழும்பில் “தேசநேசன்” என்ற தமிழ்ப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தாள் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. 1924இல் “தேசபக்தன்” பத்திரிகையைத் தொடங்கினார். அந்தப் பெயரே பின்னர் அவருக்கு அடைமொழியாயிற்று. துரைமாரின் அநியாயத்தை மட்டுமன்று, நம்மவரேயான கங்காணிமாரும் கடைக்காரரும் செய்த அநியாயத்தையும் அவர் பேனா விடவில்லை. அதனால் அவருக்கு இரு பக்கமும் பகை.

தோட்டத்து மக்களில் வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. பத்திரிகை அவர்களிடம் எப்படிப் போய்ச் சேரும்? அந்தக் குறையைத் தீர்த்தவர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள். கணவருடன் பத்திரிகையில் உழைத்த அந்த அம்மையார், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டுக் கட்டி, கூட்டம் தொடங்குமுன் மேடையேறிப் பாடுவார். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த பெண்கள், ஒரு பெண் மேடையில் நின்று தங்கள் கஷ்டத்தைப் பாடுவதைக் கேட்டார்கள். பாட்டைச் சிறு நூல்களாக அச்சிட்டும் பரப்பினார்கள். பகலில் கேட்ட பாட்டு இரவில் லயத்தில் ஒலித்தது. பாட்டுக்கு அத்துமீறல் வழக்குப் போட எந்தத் துரையாலும் முடியவில்லை.

தொழிற்சங்கத் துறையில் அவர் முதலில் ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து கொழும்புத் தொழிலாளர் மத்தியில் உழைத்தார். அந்தச் சங்கத்தின் உபதலைவராகவும் இருந்தார். 1920களின் இறுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. இந்தியத் தொழிலாளரே காரணம் என்ற பேச்சு எழுந்தது. குணசிங்கா அந்தப் பக்கம் சாயவே, நடேசய்யர் பிரிந்தார். ஏழைக்கு எதிராக ஏழையைத் திருப்பினால் இலாபமடைவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

1925இல் இந்தியரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். தோட்டத்து லயத்தின் கதை ஆங்கிலத்தில், தேசாதிபதியின் சபையில், துரைமாரின் பிரதிநிதிகள் முன்னிலையில் ஒலித்தது. 1927இல் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. ஒரே மலையில், ஒரே மழையில் நனைந்து வேலை செய்தவர்களுக்குள்ளே 11 சதம் வித்தியாசம்! உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அந்தச் சம்பளத்திலும் கைவைத்தார்கள்.

அந்த இருண்ட வேளையில்தான், 1931ஆம் ஆண்டு, ஹட்டன் நகரில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதற் சங்கம் அது. தோட்டத்துக்குள் கூட்டம் போட வழியில்லை. ஆகவே நகரங்களில் கூட்டம் நடந்தது. சங்கத்தில் சேர்ந்தவனுக்குப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். வேலையோடு வீடும் போயிற்று, ஏனெனில் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதையும் அறிந்தே மக்கள் சேர்ந்தார்கள். நம் பாட்டன்மாரை ஊமைச் சனங்கள் என்று பேசுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹட்டன் மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1937இல் “தொழிலாளர் அந்தரப் பிழைப்பு” என்ற நாடகத்தை எழுதினார். தமது நிலையைத் தாமே மேடையில் பார்த்தால் மக்கள் விழிப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை.

1939இல் நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. பெரிய தேசத்தின் பெயரும் பெரும் தலைவரின் ஆசியும் உடைய அந்த இயக்கத்தின் பின்னால் தோட்டங்கள் திரண்டன. நடேசய்யர் தமது சம்மேளனத்துடன் தனித்தே நின்றார். அவர் இணங்கிப் போயிருக்கலாம். புதியவர்களும் முதியவருக்கு இடம் கொடுத்திருக்கலாம். இரண்டும் முழுமையாக நடக்கவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. நமது பதுளையும் அவற்றுள் ஒன்று. அதே தேர்தலில் நடேசய்யர் தோற்றார். அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில், அறுபதாவது வயதில், காலமானார்.

அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கான நம் மக்கள் நாடற்றவரானார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் செய்து, இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று நம்மைப் பங்கிட்டன. துண்டுக் கடனுக்கு மனிதரை மாற்றிய வழக்கம் ஒழிந்து 43 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. நாடற்றோர் பிரச்சினை சட்டத்தால் தீர 2003ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. இவற்றைக் காணாமலே அவர் கண்மூடினார்.

நடேசய்யரை நம் மக்களே நீண்ட காலம் மறந்திருந்தார்கள். எழுத்தாளர் சாரல் நாடன் பழைய ஏடுகளைத் தேடி அவருடைய வரலாற்றை 1980களில் நூலாக்கிய பின்னரே புதிய தலைமுறை அவரை அறிந்தது. பாதையும் அப்படியே மறக்கப்பட்டிருந்தது. மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாக, 2023 யூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். பல சமயத்தவரும் பல இனத்தவரும் அதில் கலந்துகொண்டார்கள். கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் உண்டு.

நமது ஊவாவில் என்ன உண்டு? அப்புத்தளைக்கு வரும் உல்லாசப் பயணிகள் தம்பேத்தன்னை தோட்டத்தின் ஊடாக நடந்து லிப்டன் சீட்டுக்குப் போகிறார்கள். லிப்டன் துரை அமர்ந்து மலைகளைப் பார்த்த இடத்தை வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். அந்த மலைகளை வெட்டித் திருத்தி நட்டவர்கள் எந்த வழியாக வந்தார்கள், எந்த லயத்தில் இருந்தார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று யார் சொல்வது?

வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. முதல் லயம் எது, பழைய பெரட்டுக்களம் எது, புதைகுழிகள் எந்தச் சரிவில் என்பதை அறிந்த முதியோர் இன்னும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பங்கின் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களோடு நடந்து, கேட்டதைக் கொப்பியில் எழுதட்டும். நடேசய்யர் இதைச் செய்ய வேடம் போட வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வேடம் தேவையில்லை. முதியோர் போவதற்குமுன் போய்க் கேட்டால் போதும்.