வால்ட்டர் காடன்: சத்தத்தைச் சக்தியாக்கியவர்

டூ ஸ்ட்ரோக் வண்டிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காத மெக்கானிக்கல் மாணவன் நம் கல்லூரியில் எந்த பேட்ச்சிலும் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்றது 1996-ல். நான் கல்லூரியில் சேர்ந்தது அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. அப்போதும் ஸ்டாண்டில் அந்த வண்டிக்குத்தான் மவுசு. எங்கள் ஊர் கீரப்பாளையத்தில், சிதம்பரம்–சேத்தியாத்தோப்பு ரோட்டோரப் பட்டறையில், இன்றைக்கும் யாராவது ஒரு பையன் சைலன்சருக்குள்ளே இருக்கிற பேஃபிளைக் கழற்றச் சொல்லி நின்றுகொண்டிருப்பான். சத்தம் ஏறினா பவர் ஏறும் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டியவர் ஒரு ஜெர்மன்காரர். பெயர் வால்ட்டர் காடன். மலர்க் குழுவினர் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ராமானுஜத்தையும் ஜி.டி. நாயுடுவையும் மற்ற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் நான் இவரை எடுத்துக்கொண்டேன்.

காடன் பிறந்தது 1919 செப்டம்பர் 1-ம் தேதி, சாக்சனி மாநிலத்தில் போபர்ஷாவ் என்ற சிற்றூரில். அப்பா, டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் கம்பெனியின் விற்பனை மேலாளருக்குக் கார் டிரைவர். அந்தப் புண்ணியத்தில் 1927-ல் நூர்பர்க்ரிங் ரேஸ் மைதானத் திறப்பு விழாவை சிறு பையனாகப் பார்த்திருக்கிறார். பிறகு கெம்னிட்ஸில் பொறியியல் படிப்பு.

படித்து முடித்த காலம் போர்க்காலம். ஹென்ஷல் விமானக் கம்பெனியிலும், பிறகு பேனமூண்டே ராக்கெட் நிலையத்திலும் வேலை. 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் அதைக் குண்டு போட்டுத் தகர்த்தபின் ஹார்ஸ் மலைக்கு உள்ளே இருந்த மிட்டல்வெர்க் தொழிற்சாலைக்குப் போனார். வதைமுகாம் கைதிகளை வைத்து வேலை வாங்கிய இடம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே செத்தார்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. திறமைசாலி என்பதற்காக ஒருவர் வேலை பார்த்த இடம் மறைந்துவிடாது.

போர் முடிந்து அமெரிக்கர்களின் காவலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, சோப்பாவ் ஊருக்குத் திரும்பி மர வியாபாரம் தொடங்கினார். ஓய்வு நேரத்தில் டி.கே.டபிள்யூ. 125 சி.சி. வண்டியைத் தானே ரேஸுக்குத் தயார் செய்தார். இதைக் கவனித்த அரசுத் தொழிற்சாலை (பின்னால் எம்.இசட். என்று பெயர் பெற்றது) 1953-ல் ரேஸ் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயைக் கூம்பாக விரித்து மறுபடி சுருக்குகிற எக்ஸ்பான்ஷன் சேம்பர் அவர் தலையில் உதித்ததல்ல. வேறொரு பொறியாளர் அதை முன்பே செய்து பார்த்திருந்தார். கலவை உள்ளே போகும் நேரத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தும் சுழல் தட்டு வால்வை டானியல் சிம்மர்மன் தன் எஞ்சினில் வைத்திருந்தார். காடன் இரண்டையும் சேர்த்தார், எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் மூன்றாவதாக ஒரு டிரான்ஸ்ஃபர் போர்ட் வைத்தார், எல்லாவற்றையும் அளந்தார். அந்த அளந்தார் என்பதில்தான் அவர் பெருமையே இருக்கிறது. குழாய்க்குள் ஓடும் அதிர்வலையை ஆசிலோஸ்கோப்பில் பார்த்து, தகரத்தை வெட்டி ஒட்டி, மறுபடி பார்த்தவர் அவர்.

ஜூனியர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. புகை வெளியே போகும்போதே புதுக் கலவை உள்ளே வருகிறது. அதில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து ஓடிப்போய்விடும். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் பாய்கிறது. விரியும் கூம்பில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்கிறது. பின்னால் சுருங்கும் கூம்பில் மோதி அழுத்த அலையாகத் திரும்பி, வெளியே எட்டிப்பார்த்த புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறது. பிளோயர் இல்லாமலே பிளோயர் வைத்த மாதிரி.

நேரம்தான் சிக்கல். 10,800 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 180 சுற்று. ஒரு சுற்றுக்கு ஐந்தரை மில்லிசெகண்ட். போர்ட் திறந்திருப்பது அதில் ஏறக்குறைய பாதி. சூடான புகையில் ஒலி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும் என்று வைத்தால், அலை போய்த் திரும்ப மொத்தம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவுதான். ஒரு வழிக்கு எழுபது சென்டிமீட்டர் போல. வேகம் பாதியானால் அலை சீக்கிரமே வந்து காரியத்தைக் கெடுக்கும். அதனால்தான் ரேஸ் வண்டி கீழ் வேகத்தில் நொண்டும், திடீரென்று பாயும்.

நம் ரோட்டு வண்டிக்குக் கம்பெனிக்காரன் எல்லா வேகத்துக்கும் பொதுவாக ஒரு சமரசம் செய்து வைத்திருக்கிறான். பேஃபிளைக் கழற்றினால் பின்பக்க நெரிசல் மாறும், கலவை மெலிய வாய்ப்புண்டு, பிஸ்டன் சூடேறும். கார்புரேட்டர் ஜெட்டைத் தொடாமல் இதைச் செய்தால் பல நேரம் கிடைப்பது காது வலியும் சீஸ் ஆன சிலிண்டரும்தான். பெண்ட் பைப்பை ஹேக்சாவால் குட்டையாக்குவது இன்னும் மோசம். எழுபது சென்டிமீட்டர் கணக்கில் ஐந்து போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

1954-ல் 13 குதிரைத்திறன் அளவில் இருந்த 125 சி.சி. எஞ்சினை 1961-க்குள் 25-க்குக் கொண்டுபோனார் காடன். லிட்டருக்கு 200 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் இல்லாத எந்த எஞ்சினும் அதற்கு முன் அதைத் தொட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நம் ஆர்.எக்ஸ். 100 தந்தது சுமார் 11. இத்தனைக்கும் கிழக்கு ஜெர்மனியில் நல்ல பேரிங், நல்ல ஸ்பார்க் பிளக் வாங்கக்கூட அந்நியச் செலாவணி கிடையாது.

1958-ல் ஸ்வீடனில் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் எம்.இசட்.டுக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைக் கொடுத்தார். 1961-ல் எர்ன்ஸ்ட் டெக்னர் 125 சி.சி. உலகப் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பர் 17-ம் தேதி ஸ்வீடனில் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம். ஜெயித்திருந்தால் பட்டம் கிட்டத்தட்ட கையில். எஞ்சின் பாதியில் நின்றது. அந்த வாரக் கடைசியிலேயே டெக்னரின் மனைவியும் குழந்தைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். டெக்னர் திரும்பிப் போகவே இல்லை. பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போனது.

டெக்னர் அதற்கு முன்பே சுசுகியோடு பேசி முடித்திருந்தார். முந்தின வருடம் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தின்போது இரண்டு அணிகளும் ஒரே ஹோட்டலில் தங்கியிருந்தன. சுசுகி வண்டிகள் அப்போது கடைசி வரிசையில் வந்துகொண்டிருந்தன. காடன் எட்டு வருடமாகச் சேர்த்த கணக்கெல்லாம் டெக்னரோடு ஹாமாமட்சுவுக்குப் போனது. 1962-ல் சுசுகி 50 சி.சி. உலகப் பட்டம் வென்றது, ஓட்டியவர் டெக்னர். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வென்ற முதல் உலகப் பட்டம் அது. எம்.இசட். கடைசிவரை ஒரு பட்டம்கூட வெல்லவில்லை.

இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் உண்டு. சுவருக்குள் அடைபட்ட ஒருவன் குடும்பத்தோடு தப்பிக்க வேறு என்ன விலை கொடுத்திருப்பான் என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு டெக்னர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்தப் பட்டறைக்குள் போன காடனை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

அவர் எங்கும் போகவில்லை. 1963-ல் மைக் ஹெயில்வுட் எம்.இசட். 250-ஐ ஓட்டி, கிழக்கு ஜெர்மனியிலேயே நடந்த பந்தயத்தில் ஜப்பானியர்களைத் தோற்கடித்தார். ரேஸ் பிரிவு 1976 வரை ஓடியது. மொத்தம் 13 கிராண்ட் பிரீ வெற்றிகள். அதற்குள் உலகமே அவர் வழிக்கு வந்துவிட்டது. 1975-ல் 500 சி.சி. பட்டத்தை அகோஸ்தினி யமஹா டூ ஸ்ட்ரோக்கில் வென்றார்.

சுசுகி 1984-ல் நம்ம ஓசூருக்கே வந்தது, இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100 என்ற பெயரில். அது ரேஸ் வண்டி இல்லை. அதன் சைலன்சர் காடனுடையது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனா டூ ஸ்ட்ரோக் பாடத்தை சுசுகி யாரிடம் படிச்சதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்த வண்டியைப் பிரிக்கிறது ஒரு தனி சுகம்.

ரேஸ் பிரிவு மூடிய பிறகு காடன் எம்.இசட்.டின் ரோட்டு வண்டிகளில் வேலை பார்த்தார். சுவர் இடிந்ததையும் பார்த்தார். 1996 மார்ச் 3-ம் தேதி காலமானார். இங்கே ஆர்.எக்ஸ். 100 நின்றதும் அதே வருடம்தான்.