மலாக்கா தந்த முன்ஷி அப்துல்லாஹ்

மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் ஜாலான் முன்ஷி அப்துல்லாஹ் என்ற பெயரில் வீதிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அன்னாருடைய பாட்டனார் நாகூரிலிருந்து வந்தவர் என்பதும், அவரே சிறுபிராயத்தில் இரண்டரை வருஷம் தமிழ் கற்றவர் என்பதும் நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாது. ஆகவே அவருடைய சரித்திரத்தை நம் சங்கத்து வாசகர்களுக்கு, முக்கியமாக வாலிபர்களுக்கு, எனக்குத் தெரிந்த மட்டில் எழுதலாமென்று நினைத்தேன்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. தாப்பாவில் கடை வைத்திருப்பவன் என்பதால் எஸ்.பி.எம். எழுதிவிட்டு வரும் தம்பிமார்களைப் பார்க்கிறேன். ஒரு சாரார், யாராவது பெரிய மனிதரிடம் சொல்லி வேலை வாங்கித் தாருங்கள் என்கிறார்கள். என்ன தொழில் கற்கப் போகிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொரு சாரார், எங்களுக்குச் சான்றிதழ் இருக்கிறது, யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை என்கிறார்கள். அவர்களை நாலு பேருக்குத் தெரியாது. அவர்களுக்கும் நாலு பேரைத் தெரியாது. அப்துல்லாஹ் இந்த இரண்டு வகையிலும் சேராதவர்.

எமன் தேசத்து அரபி ஒருவர், மார்க்கமும் மொழியும் போதிக்கும் ஆலிம், நாகூருக்கு வந்து அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டார். அவருக்கு நான்கு ஆண்மக்கள். அவர்களில் ஒருவரான முஹம்மது இப்றாஹீம் மலாக்காவுக்கு வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். இவர்களுடைய மகன் அப்துல் காதிர். அப்துல் காதிரின் மகன்தான் அப்துல்லாஹ். 1796ஆம் வருஷ வாக்கில் மலாக்கா கம்போங் பாலியில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த அண்ணன்மார் எல்லோரும் குழந்தையிலேயே இறந்துவிட்டார்கள். இவரும் நோய்ப்பட்ட பிள்ளை. பாட்டியின் மடியிலேயே வளர்ந்தார்.

அந்தப் பாட்டியார் சாதாரணப் பெண்மணி அல்ல. ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள் குர்ஆன் ஓதும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். பேரனின் முதல் பாடம் அங்கேதான். பிறகு தகப்பனார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். அன்றைய மலாக்காவில் தமிழ் வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். கணக்கு வழக்குப் பார்க்கவும், அவர்களோடு பேசி வியாபாரம் செய்யவும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியுள்ள குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலத்திலிருந்தே அங்கு வழக்கமாம். இதை வாசித்தபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. நாள்வழியும் பேரேடும் தமிழில் எழுதியே இந்த நாட்டில் கடை நடத்தியவர்கள் அல்லவா நம் முன்னோர்!

தகப்பனார் அப்துல் காதிர் கண்டிப்பானவர். ஆற்றுக்கு மேலே உள்ள கிராமங்களுக்குச் சாமான் கொண்டுபோய் விற்று, கூடவே மார்க்கமும் போதித்து வந்தவர் அவர். மலாய்க் கடிதங்களும் பத்திரங்களும் எழுதிக் கொடுப்பதில் பெயர் வாங்கியவர். மகனையும் அந்தக் கலையில் விடாமல் பழக்கினார். ஒரு நாள் கப்பல்காரர் ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள அவரைத் தேடி வந்தார். தகப்பனார் வீட்டில் இல்லை. பையன் தானே எழுதித் தருவதாகச் சொல்லி எழுதியும் கொடுத்துவிட்டார். தகப்பனார் அறிந்து வெளியே கடிந்துகொண்டாலும் மனத்திற்குள் மகிழ்ந்து போனார். குர்ஆனைப் பார்த்து எழுதிக் கொடுத்துச் சிறிது சம்பாதிக்கவும் பையன் அந்த வயதிலேயே தொடங்கிவிட்டார்.

அந்நாளில் மலாக்கா ஆங்கிலேயர் வசம் இருந்தது. கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அப்துல்லாஹ் அங்கே போய் அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். பதிலுக்கு அவர்களிடமிருந்து ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். அந்தச் சிப்பாய்கள்தான் அவரை முன்ஷி என்று முதலில் அழைத்தவர்கள். முன்ஷி என்றால் மொழி கற்பிக்கும் ஆசிரியர். தாடி மீசை முளைக்காத பையனுக்குக் கிடைத்த அந்தப் பட்டம் அவர் ஆயுள் முழுவதும் கூடவே வந்தது. இறந்த பின்னும் போகவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அங்கே வெறுங்கையோடு போகவில்லை. தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார், இல்லாததை வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் துரைமார்களிடமும் பாதிரிமார்களிடமும் அவர் வைத்திருந்த சிநேகம் எல்லாம் இதே கொடுக்கல் வாங்கல்தான்.

1810ஆம் வருஷக் கடைசியில் ராபிள்ஸ் துரை, ஜாவா படையெடுப்புக்கு முன்னேற்பாடாக மலாக்காவில் வந்து தங்கினார். மலாய் அரசர்களுக்குக் கடிதங்கள் எழுதவும், பழைய மலாய் ஏடுகளைச் சேகரித்துப் பிரதி செய்யவும் அவருக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் மிக இளையவராக அப்துல்லாஹ் சேர்ந்தார். வயது பதினாலு, பதினைந்துதான். 1811இல் துரை கப்பலேறியபோது அவரோடு ஜாவாவுக்குப் போக ஆசைப்பட்டார். பெற்ற தாய் அழுது தடுத்தார். பிள்ளை நின்றுவிட்டார்.

நின்றவர் சும்மா இருக்கவில்லை. மலாய் மொழியை அடியிலிருந்து முடிவரை கற்றுத் தீர்ப்பது என்று ஒரு தீர்மானம் செய்துகொண்டார். இது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். மலாக்காவில் பிறந்தவனுக்கு மலாய் எதற்குப் படிப்பு என்று அக்காலத்தாரும் நினைத்தார்கள். அரபு கற்க ஆசிரியர் உண்டு. மலாயை இலக்கண சுத்தமாகச் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லை. அவர் ஊரில் மொழியறிந்த முதியவர்களைத் தேடித் தேடிப் போனார். ஒவ்வொருவரிடமும் சொற்களைக் கேட்டு, பழைய ஏடுகளை வாசித்து, சந்தேகம் தீர்த்துக்கொண்டார். அரபி இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பத்தில் பிறந்தவர், மலாய்க்காரர்களும் வந்து விளக்கம் கேட்கும் அளவுக்கு அந்த மொழியில் தேறினார். நம் பையன்களில் சிலர் பாஸ் செய்தால் போதுமென்று படிக்கும் அதே மொழிதான்.

1815இல் மில்ன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். 1818இல் ஆங்கிலோ சீனக் கல்லூரி அங்கே ஸ்தாபிக்கப்பட்டது. அப்துல்லாஹ் அந்தப் பாதிரிமார்களுக்கு மலாய் சொல்லிக் கொடுத்து, அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். அவர்களுடைய அச்சுக்கூடத்தில் எழுத்து வார்ப்பது, கோப்பது, அச்சடிப்பது எல்லாவற்றையும் கூட நின்று பழகினார். அந்நாளில் நம் மக்களில் அச்சுத் தொழில் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. பாதிரி வீட்டுக்குப் போகிறான், இங்கிலீஷ் படிக்கிறான், மதம் மாறிவிடுவான் என்று பேசினார்கள். அப்துல்லாஹ் பாதிரி என்று பரிகாசப் பெயரும் வைத்தார்கள். அக்காலத்து ஜனங்களின் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். பாதிரிமார் வந்த நோக்கம் ஒளிவுமறைவானது அல்ல. அவர் செய்த வேலையும் லேசானது அல்ல. வேதாகமத்தின் மலாய் மொழிபெயர்ப்பில் பாஷையைத் திருத்தும் வேலை. ஆனாலும் அவர் ஐங்காலத் தொழுகையுள்ள முஸ்லிமாகவே வாழ்ந்தார். சிநேகிதம் ஒரு பக்கம், ஈமான் ஒரு பக்கம் என்று அவர் மனத்தில் வரம்பு தெளிவாக இருந்தது. பரிகாசப் பெயரையும் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமைக்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பக்கத்தில் உட்காருபவர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் நமக்கு ஒரு நாள் பொறுக்குமா? அவர் வருஷக்கணக்கில் பொறுத்தார்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். சம்பளம் கொடுக்கிறவர் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டவில்லை. தாம்சன் என்ற பாதிரியார் இங்கிலீஷ் வாக்கியத்தின் போக்கிலேயே மலாய் வார்த்தைகளை அடுக்குவார். இது மலாய் அல்ல என்று அப்துல்லாஹ் எடுத்துச் சொல்வார். பாதிரியார் பல தடவை கேட்கவில்லை. இவரும் தமக்குத் தெரிந்ததை விட்டுக் கொடுக்கவில்லை. அந்தக் குறைகளைப் பின்னால் தம் புத்தகத்தில் பகிரங்கமாக எழுதினார். எஜமானை முகஸ்துதி செய்து முன்னேறுகிறவர்கள் நிறைய உண்டு. பாஷை விஷயத்தில் அந்தக் குணம் இவரிடம் இல்லை.

1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் துறைமுகமானதும் அப்துல்லாஹ் அங்கு போனார். 1822இல் ராபிள்ஸ் துரை திரும்பி வந்தபோது பழைய எழுத்துக்காரப் பையனை மறக்கவில்லை. கடிதம் எழுதவும் மொழிபெயர்க்கவும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1823 ஜூனில் துரை ஊருக்குப் புறப்படுகையில், நல்ல மனிதர் யார் வந்தாலும் காட்டிக்கொள்ளும்படி ஒரு நற்சாட்சிக் கடிதத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிரிவில் அப்துல்லாஹ் கண்ணீர் விட்டார். அந்தக் கடிதம் மேலும் பல வாசல்களைத் திறந்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஒழுங்காகப் பிரதி செய்த ஏடுகள்தான் அந்தக் கடிதத்தையே வாங்கிக் கொடுத்தன. அந்த ஏடுகளின் கதி என்ன ஆனது தெரியுமா? 1824 பிப்ரவரி 2ஆம் தேதி, துரை பென்கூலனிலிருந்து ஏறிய பேம் என்னும் கப்பல் கடலிலேயே தீப்பிடித்தது. மனிதர்கள் தப்பினார்கள். வருஷக்கணக்கில் திரட்டிய மலாய் ஏடுகள் சாம்பலாகிவிட்டன. சேதியைக் கேட்டு அப்துல்லாஹ் மனம் உடைந்தார். எத்தனை அபூர்வப் புத்தகங்கள்! பிரதிகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அவர் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்குமாகப் போய் வந்துகொண்டு, வியாபாரிகளுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் மலாய் கற்பித்தே குடும்பத்தைக் காப்பாற்றினார். 1835இல் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் எழுதினார். வாப்பா பிடித்துத் தள்ளிப் படிக்கவைத்த தமிழ் அன்றைக்கு உதவிற்று. 1838இல் கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை மூண்டு, சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குகள் அங்கே அகப்பட்டுக்கொண்டன. கடிதம் கொண்டு போன கூட்டத்தில் அவரும் போனார். கண்டதைப் புத்தகமாக எழுதினார். அரசர்களின் கொடுமையையும் ஜனங்களின் வறுமையையும் அதில் ஒளிக்காமல் சொன்னார்.

நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார் அவருடைய மாணாக்கர். உங்கள் சொந்தச் சரித்திரத்தையே எழுதுங்கள் என்று அவர் தூண்டினார். ஓர் அரசரின் கதையல்லாமல் சாமானியன் தன் வாழ்க்கையைத் தானே எழுதுவது மலாயில் அதுவரை வழக்கமில்லை. 1840இல் தொடங்கி 1843இல் முடித்தார். அதுதான் ஹிகாயத் அப்துல்லாஹ். அவரிடம் மலாய் கற்ற இன்னொருவரான கீஸ்பெரி பாதிரியார் 1849இல் அதைக் கல்லச்சில் பதிப்பித்தார். இரண்டு மாணாக்கரில் ஒருவர் எழுதத் தூண்டினார், மற்றவர் அச்சடித்தார். ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய இலாபத்தில் இதைவிடப் பெரியது எது?

அப்துல்லாஹ் ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார், மலாய் மக்களைக் கடுமையாகக் கண்டித்தார் என்று பிற்காலத்து அறிஞர்கள் குறை கூறுகிறார்கள். அந்தக் குறை பொய்யென்று சொல்ல முடியாது. தமக்கு உதவியவர்களின் மேல் வைத்த நன்றி, சில இடங்களில் அவர் கண்ணை மறைத்துத்தான் விட்டது. நட்பினால் உயர்ந்தவர்களுக்கு வரக்கூடிய ஆபத்து அது.

1854இல் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தையும் வழிநெடுக எழுதிக்கொண்டே போனார். திரும்பி வரவில்லை. அரபு நாட்டிலேயே அந்த வருஷம் வபாத்தானார். புத்தகம் முடிவுபெறாமல் நின்றது. அப்துல்லாஹ் பாதிரி என்று பரிகசித்தவர்களில் உயிரோடிருந்தவர்கள் அந்தச் சேதியைக் கேட்டிருப்பார்கள். அவருடைய இளைய மகன் முஹம்மது இப்றாஹீம் முன்ஷி ஜொகூர் அரசாங்கத்தில் சேர்ந்து, டத்தோ பெந்தாரா டாலம் என்ற பதவி வரை உயர்ந்தார். 1871, 1872ஆம் வருஷங்களில் தாம் செய்த பிரயாணங்களை, தகப்பனாரைப் போலவே, மலாயில் எழுதி வைத்தார்.