வீரர் உரிமைக்கு வாதாடிய வார்டு

திருப்பூணித்துறை அரண்மனைத் திடலில் கேளப்பன் தம்புரான் தொடங்கிய பூஜைக் கிரிக்கெட் போட்டியின் புகழை நம் குடும்பங்கள் நன்கறியும். ஆடுவோர் திறமையைப் போற்றும் நாம், அவர்தம் உரிமையைப் பற்றி எண்ணுவது அரிது. அவ்வுரிமைக்காகப் போராடிய ஜான் மாண்ட்கோமரி வார்டு என்னும் அமெரிக்கரின் வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது.

பென்சில்வேனியா மாநிலத்தில் 1860 மார்ச் 3-இல் பிறந்த வார்டு, இளமையிலேயே பெற்றோரை இழந்தார். கிரிக்கெட்டுக்கு உறவான பேஸ்பால் ஆட்டமே அவருக்குச் சோறிட்டது. 1878-இல் பிராவிடன்ஸ் அணியில் பந்தெறிபவராகச் சேர்ந்து, மறு ஆண்டே 47 வெற்றிகளை ஈட்டினார். பின்னர் எறியும் கை பழுதுற்றது. அவர் கலங்காது வேறிடத்தில் நின்று ஆடினார். ஆடிக்கொண்டே கொலம்பியாவில் பயின்று 1885-இல் சட்டப் பட்டமும் பெற்றார்.

அந்நாளில், ஒப்பந்த காலம் முடிந்த பின்னும் வீரரை அணி உரிமையாளரே பிடித்துவைத்துக்கொள்ளும் விதி ஒன்று இருந்தது. வீரர் தாமாக வேறு அணிக்குச் செல்லவியலாது. உரிமையாளரோ அவரை விற்கலாம்! இதனை எதிர்க்க 1885-இல் வீரர் சங்கம் ஒன்று எழுந்தது. வார்டு அதன் தலைவரானார்.

1888-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். அக்குழு நம் அண்டையிலுள்ள கொழும்பிலும் ஆடிற்று. அவர் இல்லாத வேளையில், உரிமையாளர்கள் வீரரைத் தரம் பிரித்து, ஊதியத்துக்கு 2500 டாலர் என உச்சவரம்பு விதித்தனர். திரும்பிய வார்டு தளரவில்லை. 1890-இல் வீரர்க்கென்றே தனிப் போட்டி அமைப்பு ஒன்றைத் தோற்றுவித்தார். அவரைத் தடுக்க நியூயார்க் அணியார் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் தடையாணை தர மறுத்தது. ஆயினும் முதலிட்டோர் நட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்கவே, ஓராண்டிலேயே அவ்வமைப்பு கலைந்தது. நீதிமன்றத்தில் வென்றவர் சந்தையில் தோற்றார்.

1894-இல் ஆட்டத்தைத் துறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞரானார். உரிமையாளரை எதிர்த்த வீரர்களுக்காக வாதாடினார். காலத்தின் விந்தை, அவரே பின்னாளில் பாஸ்டன் அணியின் பங்குதாரரும் தலைவருமானார்! 1925 மார்ச் 4-இல் மறைந்தார்.

அவர் எதிர்த்த விதியின் பிடி 1975-இல் வந்த நடுவர் தீர்ப்பால்தான் தளர்ந்தது. இன்று வீரர்க்காக ஊதியம் பேசும் முகவர்களுக்கு அவர் முன்னோடி எனலாம். நம் நாட்டிலும் வீரர்கள் ஏலத்தில் பெருந்தொகை பெறும் காலம் இது. திடலுக்கு ஓடும் நம் சிறுவர் மட்டையோடு புத்தகத்தையும் கைவிடாதிருப்பாராக! கை ஓய்ந்த நாளில் வார்டைத் தாங்கியது கல்வியன்றோ!